வியாபாரிகள் சங்கத்தில் அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தந்த சிலர், அவரைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அது பொய். அவருடன் ஒரே கடையில் ஒன்பது வருடம் தைத்த தங்கை நான். நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில். அம்மாவும் அப்பாவும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பட்டியலில் எங்கள் பெயர் வந்ததும் இருவரும் கப்பல் ஏறினோம். மண்டபம் முகாமிலிருந்து குன்னூருக்கு வந்தோம். அண்ணன் மார்க்கெட் சந்தில் ஒரு கடை பிடித்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்கு தைக்கும் கடை. எங்களை யாருக்கும் தெரியாது. தெரியாதவர்களுக்கு மொத்தக் கடைக்காரர் தார்ப்பாய்த் துணி கடனுக்குத் தரமாட்டார். கிடைத்த சாக்கை வைத்து ஓட்டினோம்.

"சங்கத்துல சேருங்க, நாலு பேரு பழக்கமாவாங்க" என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். அண்ணன் சேர்ந்தார். மாதா மாதம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். போனதும் தன் கடையைப் பற்றிச் சொல்லுவார். அவர்கள் கேட்டது வேறு.

"ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?"

அண்ணன் இலங்கைத் தோட்டத்தின் பெயரைச் சொல்லுவார். அதோடு பேச்சு நின்றுவிடும். சங்கத்தில் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டது சொந்த ஊர்ப் பழக்கத்தில்தான்.

நம் சொந்தக்காரர்களில் சிலர், பெயர் வேண்டாம், இதைப் படிப்பார்கள், "தாத்தா ஊரச் சொல்லு, மொத்தக் கடைக்காரரும் ராசிபுரத்துப் பக்கந்தான்" என்று ஓதினார்கள். தாத்தா ஊரை அண்ணன் கண்ணால் பார்த்ததில்லை. மழை தொடங்கப் போகிறது, துணி இல்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லிவிட்டார்.

மொத்தக் கடைக்காரர் எழுந்தே வந்தார். "அடடே, நம்மூருங்களா! கெழக்கு வளவுங்களா, மேக்கு வளவுங்களா?"

வளவு என்றால் அங்கே வீடுகள் சேர்ந்திருக்கும் இடமாம். அண்ணனுக்கு அந்தச் சொல்லே தெரியாது.

"விடுங்க, கப்பல்ல வந்தவருக்குக் கெழக்கேது, மேக்கேது!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அண்ணன் சாப்பிடவில்லை.

"இனிமே போவாதீங்கண்ணே."

"போகாட்டிக் கடைய மூடணும் புள்ள."

அடுத்த மாதமும் போனார். கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். இரும்புக்கடை ஐயா, தான் விற்கும் பிளாஸ்டிக் படங்கு ஒரே மாதத்தில் கிழிவதாகப் புலம்பினார். "பொம்பளைங்க கொண்டாந்து மூஞ்சில எறியறாங்க. என்ன பண்றதுன்னே தெரியலீங்க."

அண்ணன் எழுந்தார். "முழங்காலுக்கு மேல செடி ஒரசுற எடத்துல கிழியுதுங்க. அங்க மட்டும் ரெண்டு மடிப்பு வைக்கணும். எங்கம்மாவுக்கு நான் அப்பிடித்தான் தச்சுக் குடுத்தேன்."

மறுநாள் காலை ஐயா கிழிந்த படங்கு மூட்டையோடு எங்கள் கடைக்கே வந்தார். அவர் சொல்லித்தான் மொத்தக் கடைக்காரர் துணி கொடுத்தார். கடை நிலைத்தது. புதிதாகக் கடை போடுகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: அத்தனை மாதம் அண்ணன் தன் கடையைப் பற்றிப் பேசி ஒன்றும் ஆகவில்லை. அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டு, தெரிந்த பதிலைச் சொன்ன அன்றுதான் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்த்தார்கள், அவ்வளவுதான். படங்கு வேண்டுமென்றால் கூப்பிட்டார்கள், கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. கூட்டம் முடிந்ததும் அவர்கள் சேர்ந்து டீ குடிக்கப் போவார்கள். அண்ணன் தனியாக மேடேறி வருவார்.

கடைசியில் சளி முற்றிப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சங்கத்திலிருந்து வந்து பார்த்தவர் இரும்புக்கடை ஐயா ஒருவர்தான். அவர் போனபின் அண்ணன் சொன்னார்: "தொழிலுக்கு ஆள் கெடச்சாங்க புள்ள. பேசத்தான் ஆளில்ல."

இரும்புக்கடை ஐயாவுக்கு நன்றி. அண்ணனை எடுத்த அன்று லீவு போட்டுவிட்டு மழையில் வந்து நின்ற தோட்டத்துப் பெண்களுக்கு நன்றி. பெரிய மாலை அனுப்பிய சங்கத்துக்கும் நன்றி. மாலை வந்தது, ஆள் வரவில்லை.

எல்லோரையும் திட்டிவிட்டேன். என்னை விட்டுவிட்டேன். அண்ணன் அப்படிச் சொன்னபோது கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். ஒன்பது வருடம் எதிரெதிர் மிஷினில் உட்கார்ந்தவள். "நான் இருக்கேன்லண்ணே" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "மருந்தக் குடிங்க" என்றுதான் சொன்னேன்.