கழுத்தளவு தரை

"...தரைன்னுதான போட்டுகீது? அப்போ நடந்து காட்டு சார். பின்னாலயே நானும் வந்துகினு கீறேன்" என்றார் சித்தப்பா.

அளக்க வந்த அதிகாரி, வரைபடத்தை விரித்தபடி எண்ணூர்க் கழிமுகத்தின் கரையில் நின்றிருந்தார். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முன் அகன்று படுத்திருக்கும் இடம் அது. ஆற்றுத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சேருவதால் இறால் வந்து தங்கும். எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்திருந்தார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அன்று எங்கள் வீட்டுப் பாடு. நாங்கள் வலை போடும் அதே இடத்தைத்தான் அந்தக் காகிதம் தரை என்றது. தரை என்று ஆகிவிட்டால் மண்ணைக் கொட்டிக் கட்டடம் எழுப்பிவிடுவார்கள், அப்புறம் வலையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று பெரியவர்கள் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவள்.

அதிகாரி நல்ல மனிதர்தான். கூச்சத்தோடு சிரித்தார். "இது நான் போட்ட மேப் இல்லப்பா. ஆபீஸ்ல குடுத்தாங்க."

"அப்போ ஆபீஸாண்ட சொல்லி எறாவயும் எழுந்து நடக்கச் சொல்லு சார்!"

கரையே சிரித்தது. சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. கழுத்தளவில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

"இதான் சார் உன் தரை! சேர் போடட்டா, வந்து குந்துறியா?"

அதிகாரி செல்போனில் படம் எடுத்தார். "பார்த்ததை எழுதுறேன். மேல என்ன முடிவு பண்ணுவாங்கன்னு தெரியாது" என்றார். நான் விசிலே அடித்தேன். வாய்ப்பேச்சில் எங்கள் சித்தப்பாவை அடிக்க மணலி வரைக்கும் தேடினாலும் ஆள் கிடையாது. ஜெயித்தாகிவிட்டது என்றே நினைத்தேன்.

கரையேறிய சித்தப்பா நேராகக் கூடையிடம் போனார். காலையில் வலையில் விழுந்தது அரைக் கூடை இறால்தான். அதில் பெரிது பெரிதாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டார்.

"அய்ய, அந்த ஆபீஸருக்கு எதுக்கு? நாமதான ஜெயிச்சோம்?" என்று பக்கத்தில் நின்ற சித்தியிடம் கேட்டேன். சித்தி என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "சும்மா கெட" என்றாள். ஏன் தட்டினாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அதிகாரி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். வண்டி நகர்ந்தது. சித்தப்பா ஈரம் சொட்டச் சொட்டக் கூடவே ஓடி, பையை ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பினார்.