கறிக்கடைக்கு நான் கொடுக்க மறுத்த நாய்

“14-6-1981, ஞாயிறு. நாய் டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டது. இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது.” என் டைரியில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. தேதி சரி. கடைசி வாக்கியம் தவறு.

அதற்கு மூன்று நாள் முன்பு, திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் நாலைந்து பேர் ஒரு செவலை நாயைச் சவுக்குக் கட்டைகளால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் வாயில் நுரை. ஒரு காது கிழிந்து தொங்கியது. “வெறிநாய் சார், கிட்ட போவாதீங்க” என்று ஒருவர் என்னை ஒதுக்கினார். நான் ஒதுங்கி நின்று பார்த்தேன். அதையும் எழுதிவிட வேண்டும். அடித்தவர்களைத் தடுத்தவர் அருகில் கறிக்கடை வைத்திருந்த பாய். “அட நிறுத்துங்கப்பா! வாயைக் காலால பிறாண்டுது பாரு. எலும்பு மாட்டிக்கினு இருக்குது” என்றபடி கையில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டார். நாயின் கழுத்தை முழங்காலால் அழுத்தி, மேல் அண்ணத்தில் குறுக்கே சிக்கியிருந்த எலும்பைப் பிடுங்கினார். சாக்கையும் மீறி அதன் பல் அவர் கட்டைவிரலில் இறங்கியது. ரத்தம் சொட்டச் சொட்ட எலும்பைத் தூக்கிக் காட்டி, “இந்தா, இதான் உங்க வெறி. இப்ப எனக்குத்தான் வயித்துல பதினாலு ஊசி” என்றார். அடித்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

“எங்கிட்ட வுட்டுடுங்க சார், தீனிக்குக் கொறச்சல் இருக்காது” என்று பாய் கேட்டார். நின்று பார்த்த வெட்கத்தில், நாயை நான் பார்த்துக்கொள்வதாக அதற்குள் சொல்லியிருந்தேன். அவர் கடையில் தொங்கிய தொடைகளையும் வெட்டுக்கட்டையில் பதிந்திருந்த கத்தியையும் பார்த்தேன். இவ்வளவு அடிபட்ட உயிரை இங்கேயா விடுவது என்று தோன்றியது. மறுத்துவிட்டேன்.

நான் எழுத்தராக இருந்த பள்ளியில் கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்தில் வாழ்கிற சமணக் குடும்பம். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். பாடம் நடத்தும்போது கரும்பலகையில் எறும்பு ஊர்ந்தால் அது போகும்வரை சாக்பீஸை எடுக்க மாட்டார். நாய்க்கு அடிபடாத வீடு வேண்டும் என்று தேடிய எனக்கு வேறு யார் நினைவுக்கு வருவார்கள்? அவரும் மகிழ்ந்து வாங்கிக்கொண்டார். தினமும் வெளிச்சம் இருக்கும்போதே அதற்குத் தயிர்சோறு வைத்தார். கிழிந்த காதுக்கு மஞ்சள் பூசினார். நாய் அவர் காலடியைவிட்டு நகரவில்லை.

காயம் ஆறியதும் அது வேட்டையாடத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று, பிறகு இரண்டு. ஒவ்வொன்றையும் கழுத்தைக் கடித்துத் தூக்கிவந்து டீச்சரின் வாசற்படியில் வைத்தது. அவர் அழுதுகொண்டே புதைத்தார். சோற்றில் நெய்யைக் கூட்டினார். பசி தீர்ந்தால் கொலை நிற்கும் என்று அவர் நம்பினார், நானும் நம்பினேன். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அதே வீட்டு ஆட்டுக்குட்டியின் குடலைக் கிழித்துப் போட்டது.

அன்று மாலை நான் அங்கே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். “ஏம்மா, நீங்க புல்லு தின்னுங்க, வேணாங்கல. நாய் தின்னுமா? எம்புள்ள அந்தக் குட்டியக் கட்டிப் புடிச்சிக்கினு படுப்பான்” என்று கத்தினார். அவர் சொன்னதில் தவறில்லை. டீச்சர் குறுக்கே நின்று கெஞ்சினார். அவரைத் தள்ளிவிட்டுக் கடப்பாரையை வீசினார் அந்த மனிதர். நாயின் விலா முறிந்த சத்தம் கேட்டது. இரண்டாவது முறை ஓங்கியபோது, டீச்சர் மூலையில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்து அவர் தலையில் அடித்தார். ஒருமுறையல்ல. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் மூன்று அடி விழுந்துவிட்டது. மனிதர் உட்கார்ந்துவிட்டார், காதோரம் ரத்தம் வழிந்து சட்டைக் காலர் நனைந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு தையல். புகார் கொடுக்க அவர் மறுத்துவிட்டார். “பொம்பள கையால வாங்கினேன்னு எழுதித் தரவா?” என்றார்.

மறுநாள் டீச்சர் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். மூன்று வேளையாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. “நாயை எடுத்துட்டுப் போயிடுங்க சார்” என்றார். “அது கொன்னதுக்காக இல்ல. அது நாய், கொல்லும். மூணாவது அடி அடிக்கறப்போ எனக்குக் கோவம்கூட இல்ல சார். நல்லா இருந்துச்சு.” அதன்பின் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாய் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். “சுத்தி வந்துட்டீங்களே சார்” என்று மட்டும் சொன்னார். விலாவுக்குக் கட்டுப் போட்டு, வேண்டிய மட்டும் ஜவ்வும் எலும்பும் போட்டார். கடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஆடுகளுக்கு நடுவே அது படுத்துத் தூங்கியது, ஒன்றையும் தொடவில்லை. ஆறு வருடம் அங்கேயே இருந்து 1987இல் செத்தது.

செத்த பிறகுதான் பாய் இன்னொன்று சொன்னார். மாதத்துக்கு ஒருமுறை ஒரு அம்மா எதிர்ப்பக்கம் குடையை முகத்துக்குத் தாழ்த்திப் பிடித்தபடி நிற்பாராம். நாய் தானாகவே சாலையைக் கடந்து போய் அவர் காலடியில் உட்காருமாம். அவர் குனிந்து தொட்டதே இல்லையாம். டீச்சர் ஓய்வு பெற்ற அன்று அவரிடம் இதைக் கேட்டேன். “கறிக்கடைத் தெருவுக்கு எனக்கு என்ன வேலை?” என்றார். பாய் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. இருவருமே இப்போது இல்லை. குடை பிடித்து நின்றவர் யார் என்பது உறுதி செய்யப்படவில்லை.