ஒரே கிணறு, இரண்டு ஆராய்ச்சி

ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளிடம் "உங்கள் டேட்டாவை ஊரறியப் போடுங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்" என்று சொல்லிச் சம்பளம் வாங்குவது என் தொழில். இதற்குத் திறந்த அறிவியல் என்று பெயர். கேட்க விருப்பமில்லாதவர்களுக்கு வகுப்பெடுத்துப் பழகிய சக பாவிகளுக்கு என் நிலைமை புரியும்.

முதல் கேள்வி

சுனாமி வந்து சில வருஷம் கழித்து, போர்ட் பிளேரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வகுப்பு. ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசிவிட்டு, சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றேன். ஊருக்குள்ளேயே லம்பா லைன் பகுதியிலிருந்து வரும் சுபைதா எழுந்தாள். அவள் அப்பாவுக்கு பஜாரில் ஜவுளிக்கடை.

"எங்க வாப்பா கொள்முதல் ரேட்டை பக்கத்துக் கடைக்காரர்கிட்ட சொல்லமாட்டாரு சார். நான் மட்டும் ஏன் சொல்லணும்?"

ஏற்றும் பயிற்சி

அடுத்த நாள், ஒரு டேட்டா கோப்பை இணையத்தில் ஏற்றிக் காட்டுவதாக அறிவித்திருந்தேன். தீவின் இணையம் அப்போது சாட்டிலைட்டை நம்பியிருந்தது. காலையில் ஏற்ற ஆரம்பித்தது, எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகும் அங்கேயே நின்றது. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் பிஸ்வாஸ், உள்ளூர் ஷாதிபூர் தமிழர்களோடு பழகிக் கற்ற, பாதி ஹிந்தியான தமிழில் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"கல் சுபே, நாளைக்குக் காலைல, ஷிப் இருக்கு சார். பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க, அதுதான் ஜல்தி மெயின்லேண்ட் போவும்."

மாற்றிப் பார்த்தது

எழுதியவர் உதவியில்லாமல் அடுத்தவருக்குப் புரியவேண்டும், அதுதான் நல்ல டேட்டா. அதைச் சோதிக்க, பக்கத்தில் இருப்பவரோடு கோப்பை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். சுபைதாவின் கோப்பு முருகேசனிடம் போனது. அவன் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் குடியேறியது. இருவருக்கும் கைடு வேறு வேறு. மேசை மட்டும் எதிரெதிரே.

திறந்ததும் இருவர் முகமும் வெளுத்துவிட்டது. வடக்கே ரங்கத் பக்கம் கடல்நீர் புகுந்த கிணறுகளில் உப்பு எவ்வளவு என்று இரண்டு வருஷமாக இருவரும் தனித்தனியே அளந்திருக்கிறார்கள். அதே கிணறுகள். லீவு போடும்போதெல்லாம் ரங்கத்தில் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவனும், சொந்தத்தில் கல்யாணம் என்று அவளும் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்திருந்தார்கள். முதலில் பேசியது சுபைதாதான்.

"உங்க பெரியம்மாவுக்காக நான் துவா வேற செஞ்சேன்."

இரண்டு கைடுகள்

மறுநாள் இருவரும் வகுப்புக்கு வரவில்லை. சாயங்காலம் என் அறை வாசலில் நின்றார்கள். ஒரே கிணற்றுக்கு இரண்டு தீசிஸ் எதற்கு, ஒன்று குப்பைக்குத்தானே என்று சுபைதா கேட்டாள்; அழுதிருந்தாள். இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னேன். அவள் போனதெல்லாம் வெயில் மாதங்கள். மழையில் வீட்டில் விடமாட்டார்கள். அவன் கோடையில் கச்சாலுக்குப் போய்விடுவான், அளந்ததெல்லாம் மழையில். சேர்த்தால்தான் கதை தெரிந்தது: மழையில் குறையும் உப்பு, கோடையில் திரும்பி ஏறுகிறது.

தீசிஸ் ஆளுக்கொன்று, கட்டுரை சேர்த்து ஒன்று, டேட்டா எல்லோருக்கும் என்று பேசி முடித்தோம். வராந்தாவில் ஒருவரையொருவர் பார்க்காமல் நடக்கும் இரண்டு கைடுகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்தோம். சுபைதாவின் கைடு, இருவர் அளவையும் சேர்த்துப் போட்ட வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. யார் பேர் முதல்ல?"

ரங்கத் அக்கா

கடைசியாகச் சரிபார்க்க ரங்கத்துக்கு மூவரும் போனோம். கிணற்றுக்காரத் தமிழ் அக்கா, அதுவரை தனித்தனியே வந்துபோன இருவரும் சேர்ந்து வந்ததைப் பார்த்துச் சிரித்தார். டேட்டாவை வெளியிட உங்கள் சம்மதம் வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"போட்டுக்குங்க தம்பி. இந்தப் பொண்ணு என் வாளி ஒண்ணைக் கிணத்துல தவறவிட்டுச்சு, இந்தத் தம்பி ஒரு வாளியை விட்டாரு. அதையும் சேத்துப் போட்டுருங்க."

மனமுவந்து திறந்தவர்களைவிட மாட்டிக்கொண்டு திறந்தவர்களே என் வகுப்பில் அதிகம் என்றாலும், ஆண்டறிக்கையில் இரு தரப்பையும் 'பயிற்சியால் பயனடைந்தோர்' என்றுதான் எழுதிவருகிறேன்.