முன் இருக்கையில் சொட்டிய மீன் தண்ணீர்

2024 மே 18, சனிக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. கடற்கரை ஊராக இருந்தும் சதுரங்கப்பட்டினத்தில் காற்று அசையவில்லை. காரின் முன்கதவைத் திறந்தேன். மீன் நாற்றம் முகத்தில் அடித்தது. என் மனைவி கிரேஸ் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

அன்று அவளுக்குச் செங்கல்பட்டில் டயாலிசிஸ். புதனும் சனியும் போயே ஆக வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். இருப்பது இந்த ஒரு பழைய கார், ஓட்டுவது எழுபத்தொரு வயதான நான். அந்தக் காரில்தான் இப்போது உட்கார முடியவில்லை. அன்பானவர்களே, எனக்குக் குமட்டலைத் தந்த அந்த நாற்றத்துக்காகத்தான் ஆண்டவருக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன்.

நாற்றத்துக்கு முன்னால் சத்தம் இருந்தது. மார்ச் மாதத்தில் தொடங்கியது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் முனகும். அறுபதில் ஊளையிடும். ரேடியோ வைத்தாலும் அதற்கு மேல் கேட்கும். கிரேஸ் டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோய் வரும்போது அந்த ஊளை கூடவே வரும். எனக்குப் பல் கூசும்.

செங்கல்பட்டில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். அங்கிருந்தவர் பாக்கு மென்றபடியே, "டயரு தேஞ்சிக்கீது சார், அதான் கத்துது" என்றார். முன்பக்கம் இரண்டு டயரும் புதிதாகப் போட்டேன். போகும்போது கிரீஸ் கையை என் இருக்கை உறையிலேயே துடைத்துவிட்டுப் போனார். சத்தம் அப்படியே இருந்தது. மதுராந்தகத்தில் இன்னொரு பட்டறை. அங்கே முன்சக்கரத்து பேரிங் என்றார்கள். சக்கரம் வழுக்கிச் சுழல அச்சில் இருக்கும் குண்டு வளையம்தான் அது. இடதுபுறம் மாற்றினார்கள். திரும்பி வரும்போது மறுபடி ஊளை. பட்டறைக்காரனிடம் போனில் கேட்டால், "செட்டாவ டைம் புடிக்கும் அண்ணாத்த. ஓட்டிகினே இரு, அடங்கிடும்" என்கிறான். வாங்கிய பணத்துக்கு வெட்கம் கூட இல்லை. எனக்கு அந்தப் பட்டறைகளின் வாசலைப் பார்த்தாலே அருவருப்பாகிவிட்டது. காரை விற்றுவிடலாம் என்று நினைத்தேன். விற்றால் கிரேஸை எதில் ஏற்றிப் போவது? தூங்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு பயணத்திலும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மே 17, வெள்ளிக்கிழமை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் நான் நடத்தும் மாலை ஜெபக்கூட்டம். காரை வெயிலில் நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போனேன். மற்றவர்கள் பாடினார்கள். நான் முழங்காலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஆண்டவரே, இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காட்டும். எனக்குத் தெரியவில்லை, தெரியும் என்கிறவர்களுக்கும் தெரியவில்லை. கண்ணீர் வந்தது. அது ஜெபக் கண்ணீரா எரிச்சல் கண்ணீரா என்று இன்றும் சொல்லத் தெரியாது.

வெளியே வந்தால் முன் இருக்கையில் ஒரு சாக்குப் பை. அடியிலிருந்து தண்ணீர் வடிந்து இருக்கையின் பஞ்செல்லாம் ஊறியிருந்தது. அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பல நாள் கரையில் கிடந்த படகு மறுபடி கடலுக்குப் போனால், முதலில் கிடைக்கிற மீனை ஜெபம் நடத்துகிறவருக்குக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். முதல் பாடு என்பார்கள். படகுக்காரர் தாவீது, ஜெபத்தைக் கலைக்க வேண்டாமென்று, ஐஸோடு மீனை என் காரில் வைத்துவிட்டார். ஐஸ் உருகிவிட்டது.

"முதல் பாடு ஐயா. அம்மாவுக்குன்னு எட்டாந்தேன்" என்று நின்றார். சிரித்த முகம். கையைப் பிடித்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மீன் நல்ல மீன்தான். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், டெட்டால் ஊற்றினேன். மூன்றும் சேர்ந்து நாற்றத்துக்குப் புது நாற்றம் சேர்த்ததுதான் மிச்சம்.

ஆகவேதான் சனிக்கிழமை காலை கிரேஸ் பின்னால் ஏறினாள். பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை சுற்றும். காரை வாங்கிய நாளிலிருந்து முன் இருக்கைதான் அவளுடையது. அன்று வேறு வழியில்லாமல், எனக்குப் பின்னால் தலையணை போட்டு, இருக்கையில் படுத்துக்கொண்டாள்.

திருக்கழுக்குன்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேசினாள்.

"ஏங்க, சத்தம் முன்னால இல்ல. என் தலைக்குக் கீழ இருக்கு."

இரண்டு பட்டறைக்காரர்கள் பார்த்தாயிற்று, பேசாமல் படு என்றேன். தலையணையை எடுத்து இடதுபுறம் போட்டு, மாறிப் படுத்தாள். கொஞ்ச தூரம் போனதும், "இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம்தான். மண்டைக்குள்ள அதிருது" என்றாள். நான் வண்டியை நிறுத்தவில்லை. அவள் சும்மா விடவில்லை.

"ஆண்டவர்கிட்ட காட்டுங்கன்னு கேட்டதா ராத்திரி சொன்னீங்களே. நான் காட்டினா ஆகாதோ?"

நிறுத்தினேன். இறங்கி மூன்று சக்கரங்களின் நடுவிலும் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு. வலதுபுறப் பின்சக்கரத்தில் விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கருகிய கிரீஸ் வாடை.

ஊரின் ஓரத்தில் ஒரு பஞ்சர் கடை. ஊர்ந்தே அங்கே போய்ச் சேர்ந்தோம். கடைக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"பேரிங்கு செத்துப்போச்சி பெரியவரே. அம்மாவ வச்சிகினு இதுலயா செங்கல்பட்டு போவலாம்னு வந்த? ஆட்டோ புடி."

அவரே ஆட்டோவுக்குப் போன் போட்டார். கிரேஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அவள் இயந்திரத்தோடு படுத்திருந்த நேரத்தில் நான் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் புது பேரிங் வாங்கினேன். மாலையில் பழையதைக் கழற்றி என் கையில் கொடுத்தார் பஞ்சர் கடைக்காரர். குண்டுகள் ஓடும் தடமெல்லாம் அம்மைத் தழும்பு. விரலால் சுற்றினேன். இரண்டு மாதமாகக் கேட்ட அதே ஊளை, என் உள்ளங்கையில், சின்னதாக. அழுதுவிட்டேன்.

சத்தம் எங்கே என்று நான் உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் வெளியே பதில் என் இருக்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. மீன் தண்ணீர் வடியாதிருந்தால் கிரேஸ் பின்னால் படுத்திருக்க மாட்டாள். சக்கரம் தன் வழியே போயிருக்கும், நாங்கள் எங்கள் வழியே போயிருப்போம்.

அந்த நாற்றம் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. பிடிக்கிறது என்று சொன்னால் பொய்யாகும். மழை நாளில் இன்னும் வருகிறது. ஆனால் வந்ததும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். கிரேஸ் பேசும்போது வண்டியை ஓரங்கட்டுகிறேன். உங்கள் வீட்டிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கியெறியத் தோன்றும் ஏதோ ஒன்று இருக்கலாம். எறிவதற்கு முன் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சுத்தமான பொட்டலத்தில்தான் பதில் அனுப்புவார் என்று காத்திருக்காதீர்கள்.

தேவையில்லாத டயர்கள், தவறான பேரிங், சரியான பேரிங், கூலி, ஆட்டோ, இருக்கை கழுவியது, இனி முதல் பாடு வந்தால் வைக்க முன் இருக்கைக்கு வாங்கிய ஒரு பிளாஸ்டிக் தொட்டி, எல்லாம் சேர்த்து பதினான்காயிரத்து முந்நூற்று முப்பது ரூபாய்.