பண்ணையிலிருந்து நெடுந்தீவு வரை, ஒரு கலியாணம் சொல்ல நடந்தது

தீவுப் பகுதியை நடந்து பார்க்கப் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வழி எனக்குத் தெரியும். எழுபதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம், யாழ்ப்பாணம் பண்ணையிலிருந்து நெடுந்தீவின் மேற்குக் கரை வரை நடந்தவள் நான். கடல் குறுக்கிட்ட இடங்களில் மட்டும் வள்ளம். நல்ல நடைதான். ஆனால் நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை, என் தங்கையின் கலியாணம் சொல்லி அழைக்கப் போனோம். அப்பா இறந்து ஏழு வருடமாகியிருந்தது. மணவறையில் அப்பாவின் இடத்தில் நின்று தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தன் தமையன் வரவேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே ஆசை. அந்த மாமா நெடுந்தீவில் இருந்தார். அந்த ஏழு வருடமும் அம்மாவோடு அவருக்குப் பேச்சில்லை. அப்பாவின் செத்தவீட்டன்று சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றில் மாமாவின் வள்ளம் பிந்திவிட்டது. சித்தப்பா ஆட்கள் பொறுக்காமல் பாடையைத் தூக்கிவிட்டார்கள். தன் தங்கச்சி அதற்கு எப்படிச் சம்மதித்தாள் என்பது மாமாவின் கோபம். அன்று அம்மாவிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

விதவை என்பதால் கலியாணம் சொல்ல அம்மா இன்னொருவர் வீட்டுப் படி ஏறக்கூடாது. அதனால் நானும் என் கணவரும் புறப்பட்டோம். "முதல் அண்ணையிட்டைப் போங்கோ. அவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் மற்ற ஆக்களுக்கு" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக் குங்குமச் செப்பைக் கையில் தந்தார்.

பஸ் ஏறியிருந்தால், நெடுந்தீவு வள்ளம் புறப்படுகிற குறிகட்டுவான் துறைக்கு இரண்டு மணித்தியாலம் போதும். என் கணவர் புவியியல் ஆசிரியர், வலிகாமத்து ஆள், தீவுகளைத் தேசப்படத்தில் மட்டும் பார்த்தவர். நடந்தால்தான் நிலம் விளங்கும் என்றார். கலியாணமாகி மூன்று மாதம். அவர் எதைச் சொன்னாலும் எனக்கு அழகாகத் தெரிந்த காலம் அது.

விடியப் பண்ணைப் பாலத்தில் நடக்கத் தொடங்கினோம். இரண்டு பக்கமும் முழங்கால் அளவு கடல், அதில் வலையோடு நிற்கிற ஆட்கள். உண்மையாகவே அழகுதான், அதில் குறை சொல்லமாட்டேன். அல்லைப்பிட்டி ஐந்து மைல் அளவில் வரும். கிறிஸ்தவக் கோயிலடியில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு வேதக்கார அக்கா செம்பு நிறையத் தண்ணீர் தந்தார். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று ஒன்றும் கேட்கவில்லை. அந்த நடையில் அப்படிக் கேட்காதவர் அவர் ஒருவர்தான்.

மண்கும்பானில் மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது. அங்கேதான் அப்பா வழியில் எனக்கு மாமி முறையான பரிமளம் மாமியின் வீடு. குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு தெருவின் மறுகரையால் நடந்தேன். பஸ்ஸில் போகிறவளை யாரும் காணமாட்டார்கள். வெயிலில் பட்டுச் சேலையோடு நடக்கிறவளைக் காணாமல் விட மாமிக்குக் கண் தெரியாமல் போயிருக்கவேண்டும். வேலிப் படலையைத் திறந்துகொண்டு கூப்பிட்டார்:

"பிள்ளை! என்ரை படலையைத் தாண்டியோ போறாய்?"

"இல்லை மாமி, திரும்பி வரேக்கை ஆறுதலா வாறம்."

"கலியாணம் சொல்லத்தானே போறியள்? அப்ப எனக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்லப் போறாய்?"

என்ன செய்வது? உள்ளே போகாவிட்டால் அந்தப் பக்கத்துச் சொந்தமே முறிந்துபோகும். போய்விட்டுச் சொல்லாமல் வரவும் ஏலாது. குங்குமச் செப்பை நீட்டினேன். மாமி நெற்றியில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "நெடுந்தீவு மாமாவுக்குச் சொல்லியாச்சுத்தானே?" என் கணவர் நேர்மையான மனிதர். "இல்லை மாமி, இனித்தான்" என்றார். மாமியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு நாங்கள் நடந்தோம், செய்தி பஸ்ஸில் போனது. வேலணையில் சொந்தக்காரர் படலையில் காத்து நின்றார்கள். அங்கே படுத்து எழும்பி, அடுத்த நாள் காற்று ஆளைத் தள்ளத் தள்ளப் பாலத்தால் புங்குடுதீவுக்குப் போனால் அங்கேயும் அதே காவல். மண்கும்பானுக்குச் சொன்னவர்கள் எங்களுக்குச் சொல்லமாட்டீர்களோ என்று கேட்டார்கள். சொன்னோம். பின்னேரம் குறிகட்டுவானுக்கு வந்துசேர, நெடுந்தீவு வள்ளம் போய்விட்டிருந்தது. மறுநாள் காற்றுக்கு அந்த வள்ளத்தை விடவேயில்லை.

அந்த நாளை நயினாதீவில் கழித்தோம். அது கிட்டக் கடல், சின்ன வள்ளத்தில் கால் மணித்தியாலம். அம்மன் கோயில் மடத்தில் சோறும் பருப்பும் தந்தார்கள். நான் அம்மனிடம் ஒன்றுதான் கேட்டேன், மாமாவின் காதுக்கு ஒன்றும் எட்டியிருக்கக்கூடாது என்று.

நாலாம் நாள் கடல் வழிவிட்டது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வள்ளம் தூக்கித் தூக்கிப் போட, என் கணவர் தலையை வெளியே நீட்டிச் சத்தி எடுத்தார். எனக்கு ஒரு சொட்டும் இரக்கம் வரவில்லை. இறங்குதுறையிலிருந்து மாமா வீடு மூன்று மைல் இருக்கும். வழி நெடுகக் கடற்கல் அடுக்கிய வேலிகள், வெட்டை வெளியில் ஆளைப் பார்த்து விலகி ஓடும் குதிரைகள். படத்துக்கு நல்லது. நிழல் கிடையாது.

மாமா எங்களை வாசலில் வந்து கூட்டிக்கொண்டு போனார். மோர் தந்தார், இருக்கக் கதிரையைத் துடைத்துவிட்டார். நான் செப்பைத் திறக்கத்தான் கையைக் காட்டி மறித்தார்.

"உது இருக்கட்டும் பிள்ளை. மண்கும்பானிலை எப்ப சொன்னனீங்கள்?"

"பரிமளம் மாமி வழியிலை கூப்பிட்டுப்போட்டா, மாமா. தாண்டி வர ஏலாமல் போச்சு. அம்மா உங்களுக்குத்தான் முதல் சொல்லச் சொன்னவ."

"வேலணையிலை? புங்குடுதீவிலை?"

"மாமா..."

"அத்தானைச் சுடலைக்குக் கொண்டு போகேக்கையும் எனக்குக் காத்திருக்கேல்லை. கலியாணத்துக்கும் ஊரெல்லாம் சொல்லி மிஞ்சினதைக் கொண்டு வந்து நிக்கிறியள். தாரை வாக்க வேறை ஆள் பாருங்கோ."

என் கணவர் வாய் திறந்தார்: "பிழை என்ரை, மாமா. நடந்து வருவம் எண்டது நான்தான்."

"நீர் பிறத்தியார் தம்பி. உமக்கு விளங்காது. அவளுக்கு விளங்கும்."

யாருக்கு விளங்கும்? ஏழு வருடமாகத் தீவுக்காரர் ஒவ்வொருவரிடமும் தமையனின் சுகம் விசாரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கா? எனக்கு வந்த ஆத்திரத்தில் மோரை வைத்துவிட்டு எழும்பினேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மாமாவின் மனைவி படலை வரை கூட வந்தார். அழுதுகொண்டே சொன்னார்: "கலியாணம் பொருந்தினதெண்டு கேள்விப்பட்ட உடனை புது வேட்டி எடுப்பிச்சு வைச்சவர், பிள்ளை. நாலு நாளாத் துறைக்குப் போய்ப் பாத்துப் பாத்து வந்தவர். வள்ளத்திலை நீங்கள் வரேல்லை, உந்தக் கதைதான் வந்தது."

கலியாணத்தில் சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்தார்கள். ஏழு வருடத்துக்கு முன் பாடையைத் தூக்கியவரும் அவர்தான். அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். என் கணவரோடு நான் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அவரும் பிறகு எங்கேயும் நடப்போம் என்று கேட்கவில்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சோளகக் காலத்தில் நெடுந்தீவு வள்ளத்தை நம்பி நாள் குறிக்காதீர்கள், ஒரு நாளாவது கையில் வைத்திருங்கள். மண்கும்பானை வெயில் ஏறமுன் தாண்டுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், நெடுந்தீவில் எல்லாக் கிணறும் நன்னீர் அல்ல. குடை வேண்டாம், காற்று பிடுங்கிவிடும், தொப்பி நல்லது. தீவில் சொந்தக்காரர் இருந்தால் பஸ்ஸிலேயே போங்கள். சொந்தம் இல்லாதவர்களுக்குத்தான் அந்த நடை இனிக்கும். அவர்கள் எந்தப் படலையையும் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

இரண்டு வருடம் கழித்து மாமா மாரடைப்பில் இறந்தார். செய்தி கேட்ட அன்றே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு தமையனின் முகத்தை அம்மா பெட்டிக்குள் பார்த்தார். மாமாவின் மனைவி அவரைக் கட்டிப்பிடித்து, "நீங்கள் ஒருக்கா நேரை வந்து கேட்டிருந்தால் அவர் வந்திருப்பார், மச்சாள்" என்று அழுதார்.

அம்மா அழவில்லை. "கலியாணம் சொல்ல என்னை வரவிடேல்லையே, மச்சாள்" என்றார். "இதுக்குத்தானே விடுவினம்."