பரஸ்தானத்துக்குப் போன என் பெட்டி

என்னை ஏமாற்றிய நாளை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா, மெக்சிகோவில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா, தம்பி, நான் மூவரும் அங்கே போகப்போகிறோம் என்றார்கள். அந்த ஊரில் ஸ்பானிஷ்தான் பேச வேண்டுமாம்.

அம்மாவும் நானும் போனைப் பார்த்துப் படித்தோம். பெட்டிக்கு மலெத்தா, டிக்கெட்டுக்குப் பொலெத்தோ, விமானத்துக்கு அவியோன். அம்மாவுக்கு நாக்குத் திரும்பாது. தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தேன். பெட்டி வராவிட்டால் என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

கிளம்பும் நாள் சரியில்லை என்று ஒரு வாரம் முன்பே நல்ல நேரம் பார்த்துப் பரஸ்தானம் வைத்தார்கள். ஒரு பெட்டியை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றே தொடங்கிவிட்டதாக அர்த்தம். என் பெட்டியைத்தான் எடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டில் அதை இறக்கி வைத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கிளம்பிய அன்று மதுரைக்குப் போகும் வழியில் அத்தை வீட்டு வாசலில் வேன் நின்றது. "ஓடிப்போயி ஒன் பெட்டிய எடுத்துட்டு வாட்டி" என்றாள் அம்மா. உள்ளே ஓடினேன். பெட்டி காலியாக இருந்தது. என் துணியெல்லாம் அத்தையின் பீரோவில் அடுக்கியிருந்தது, பக்கத்தில் வேறொரு பள்ளிக்கூடத்தின் புது யூனிஃபார்ம். வாசலுக்கு வந்தால் வேனைக் காணோம். அம்மா தம்பியை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். என் படிப்பு கெடக் கூடாதாம். அதை என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் துப்பில்லை. சாமி பேரைச் சொல்லிச் செய்கிற சடங்கை வைத்தா ஒரு பிள்ளையை ஏய்ப்பார்கள்? பிடித்து நிறுத்திய அத்தையின் கையைக் கடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அத்தையின் போனில் அம்மா கூப்பிட்டாள். மெக்சிகோ விமான நிலையத்துக்குள் நிற்கிறாளாம்.

"ஏட்டி, பெட்டி வரல. அத எப்பிடிக் கேக்கணும்?"

"தெரியாது."

எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பிறகு, "சாப்பிட்டியாட்டி?" என்றாள். போனை வைத்துவிட்டேன். நன்றாக நிற்கட்டும் என்று இருந்தது.

அங்கே விமான நிலைய வாசலுக்கு வெளியே அப்பா கையில் போனோடு காத்து நின்றிருந்தார். இரண்டு வருஷமாக அந்த மொழியைப் பேசுகிறவர். அவரை விட்டுவிட்டு என்னை ஏன் கூப்பிட்டாள் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.