டாக்டர் இருக்கும் பக்கம்

செகந்திராபாத்தில் பஸ் கிளம்பியதிலிருந்து பக்கத்து சீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. பஸ் நின்ற இடமெல்லாம் சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுப்பார். பிறகு ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பார். ஒல்லியான ஆள். வெயிலில் மூக்கு மட்டும் தோலுரிந்திருந்தது. போனில் தமிழ் பேசினார். அந்தத் தைரியத்தில்தான் நான் வாய் திறந்தேன்.

“தொழுகைக்கு திசை பாக்குறீங்களா தம்பி?”

“இல்லண்ணே, சாட்டிலைட்டுக்கு” என்று சிரித்தார்.

மேட்சலுக்கு அப்பால் போன் கம்பி போகாத ஒரு கிராமம். அங்குள்ள சின்ன ஆஸ்பத்திரியின் கூரையில் இவர் இன்டர்நெட்டுக்குக் குடை ஆன்டெனா வைத்திருக்கிறார். அதன் வழியாகத்தான் நர்சம்மா ஹைதராபாத் டாக்டரிடம் நோயாளிகளைக் காட்டுவாராம். போன வாரம் ஒரு பிரசவ நேரத்தில் பெருமழை. படம் நின்றுவிட்டது.

“மழை விட்டா தானா வந்திருக்கும்ணே. நர்சம்மா பதறிப்போய் கூரையில ஏறி, குடையை ஹைதராபாத் பக்கமா திருப்பிட்டாங்க. டாக்டர் இங்கதான இருக்காருன்னு.”

“குழந்தை?”

“தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்க. குடைக்குத்தான் இப்ப ஆபத்து. ஊர்க்காரங்க கை வெச்சா கழட்டிட்டு வந்துடணும்னு கம்பெனி சொல்லியிருக்கு.”

“கழட்டப் போறீங்களா?”

அவர் திசைகாட்டியை மூடினார். “காத்து திருப்பிடுச்சுன்னு சொல்லப்போறேன்.”

“ஹவ், ஆமா, சொல்லலாம். கம்பெனி நம்புமா?”

“ஏசி ரூம்ல இருக்கவங்களுக்கு காத்தப் பத்தி என்னண்ணே தெரியும்?”

போலாரத்தில் இறங்கினேன். சாலையோர மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. அவர் ஜன்னலில் மறுபடியும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி அந்தக் காற்றை நம்பியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.